சேர்க்கைப் பதிவேட்டுக்கு அப்பால்: கேரளப் பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கம் – ஒரு மதிப்பீடு

கோழிக்கோடு நகரின் மலாப்பறம்பில் நூறாண்டுக்கும் மேல் நடந்துவந்த அரசு உதவிபெறும் நடுநிலைப்பள்ளி ஒன்றை 2014 ஏப்ரலில் ஓரிரவில் அதன் நிர்வாகியே இடித்துத் தள்ளினார். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், பள்ளியை நடத்துவது நட்டம் என்பது அவர் தரப்பு வாதம். நகரத்துக்குள் இருந்த அந்த நிலத்தின் விலை என்ன என்பது ஊருக்கே தெரியும். ஊரார் விடவில்லை. கோடை விடுமுறைக்குள் கட்டடத்தை மீண்டும் எழுப்பி, ஜூனில் பள்ளியைத் திறந்தார்கள். நிர்வாகி நீதிமன்றம் போனார். தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 2016 ஜூனில் பள்ளிக்குப் பூட்டுப் போடப்பட்டது. பிள்ளைகள் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உட்கார்ந்து படித்தார்கள். அப்போதுதான் பதவியேற்றிருந்த பினராயி விஜயன் அரசு, அந்தப் பள்ளியையும், திருவண்ணூர், கிராலூர், மங்காட்டுமுறி ஆகிய ஊர்களில் இதே நிலையில் இருந்த மூன்று பள்ளிகளையும் தானே ஏற்று நடத்த முடிவுசெய்தது.

அடுத்த சில மாதங்களில் அரசு அறிவித்த ‘நவகேரளம்’ திட்டத்தின் நான்கு பிரிவுகளில் ஒன்றாக இடம்பெற்றது ‘பொது வித்யாப்யாச சம்ரக்ஷண யக்ஞம்’, அதாவது பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கம். 2017 ஜனவரி 27 அன்று மாநிலம் முழுவதும் பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் பள்ளிகளைச் சுற்றிக் கைகோத்து நின்று, இந்தப் பள்ளியைக் காப்போம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். அரசு நடத்திய ஓர் இயக்கம் மக்களின் உணர்வை அவ்வளவு தொட்டது அரிது. அதனாலேயே அதைக் கறாராக மதிப்பிடும் கடமை நமக்குக் கூடுகிறது. அரசுப் பள்ளிகளை மீட்க விரும்பும் எந்த மாநிலமும் முதலில் திரும்பிப் பார்ப்பது கேரளத்தைத்தான். அங்கே எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைப் பிரித்தறியாமல் முழுவதையும் மெச்சுவதும் முழுவதையும் தள்ளுவதும் பிள்ளைகளுக்கு உதவாது.

நோயின் வேர்

கேரளத்தின் ‘பொதுக்கல்வி’ என்பதில் அரசுப் பள்ளிகளைவிட அரசு உதவிபெறும் பள்ளிகளே எண்ணிக்கையில் கூடுதல். ஜோசப் முண்டசேரி கல்வி அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த கேரளக் கல்விச் சட்டத்திலிருந்து, ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது. நியமனம் நிர்வாகியின் கையில் இருக்கிறது. ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்தால் பள்ளியை மூடிக்கொள்ளவும் அந்தச் சட்டமே வழிவைத்தது. மலாப்பறம்பு நிர்வாகி பற்றிக்கொண்டது இந்த வழியைத்தான்.

பிறப்பு விகிதம் சரியச் சரிய வகுப்பறைகள் காலியாயின. வளைகுடாப் பணம் வந்த ஊர்களில் கட்டணம் வாங்கும் ஆங்கிலப் பள்ளிகள் முளைத்தன. பிள்ளைகள் குறைந்த பள்ளிகளுக்கு ‘ஆதாயமற்ற பள்ளி’ என்று கோப்புகளில் பெயர் விழுந்தது. ஒரு பள்ளிக்கு லாப நட்டப் பேரேடு எழுதத் தொடங்கியபோதே பாதித் தோல்வி நேர்ந்துவிட்டது. அந்தப் பெயரைச் சுமந்த பள்ளிக்கு அடுத்த ஆண்டு பிள்ளையை அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். எண்ணிக்கை இன்னும் குறைந்தது.

ஆசிரியருக்கு இது வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை. பள்ளி திறந்த ஆறாம் வேலைநாளில் எடுக்கும் தலைக்கணக்கை வைத்தே ஒரு பள்ளிக்கு எத்தனை பிரிவு, எத்தனை ஆசிரியர் என்று முடிவாகிறது. இரண்டு பிள்ளை குறைந்தால் ஒரு பிரிவு போகும். பிரிவு போனால் ஒருவருடைய பணியிடம் போகும். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் ஆசிரியர்கள் துண்டறிக்கையோடு வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். குடையும் பையும் வாங்கித் தருவதாகச் சொல்வார்கள். பள்ளி வேனுக்கான வாடகையைத் தங்கள் சம்பளத்திலிருந்து பங்குபோட்டுக் கொடுப்பார்கள். கற்பிப்பதில் செலவாக வேண்டிய உழைப்பு ஆள்சேர்ப்பில் கரைந்தது. இயக்கம் வந்தபோது இருந்த நிலை இது.

இயக்கம் செய்தவை

முன்மாதிரி ஏற்கெனவே ஒன்று இருந்தது. கோழிக்கோடு வடக்குத் தொகுதியின் அன்றைய சட்டமன்ற உறுப்பினர் ஏ. பிரதீப்குமார், தனியார் அறக்கட்டளை ஒன்றின் துணையோடு நடக்காவு அரசுப் பெண்கள் பள்ளியை 2013-க்குள் புதுப்பித்துக் காட்டியிருந்தார். அதைத் தொகுதிக்கு ஒன்றாக விரிப்பது அரசின் முதல் திட்டமாயிற்று. கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியமான கிஃப்பி வழியாக 141 பள்ளிகளுக்குத் தலா 5 கோடி, 386 பள்ளிகளுக்குத் தலா 3 கோடி, 446 பள்ளிகளுக்குத் தலா ஒரு கோடி ரூபாய் என்று கட்டடத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. உதவிபெறும் பள்ளிகளுக்கு நிர்வாகம் திரட்டும் தொகைக்கு ஈடாக அரசும் ஒரு பங்கு போடும் ‘சவால் நிதி’ வந்தது.

இரண்டாவது, தொழில்நுட்பம். கைட் என்ற அரசு நிறுவனம் 4,752 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினி, திரை, இணையம் கொடுத்தது. பிறகு 11,275 தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கும் கணினிக் கூடங்கள் போயின. 16,027 பள்ளிகளுக்கு 3,74,274 கருவிகள் வழங்கியாயிற்று என்று 2020 அக்டோபரில் முதலமைச்சர் அறிவித்தார். இவை கட்டற்ற மென்பொருளில் இயங்கியதால் உரிமக் கட்டணமாகப் போயிருக்க வேண்டிய பெருந்தொகை மிஞ்சியது. ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் மன்றங்கள் வழியாக லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்தக் கருவிகளைத் தாங்களே கையாளப் பழகினார்கள்.

மூன்றாவது, பாடம். ஒவ்வொரு பள்ளியும் தனக்கான கல்வித் திட்ட ஆவணம் ஒன்றை எழுத வேண்டும் என்றார்கள். தாய்மொழியில் பின்தங்கியவர்களுக்கு ‘மலையாளத் திளக்கம்’, ஆங்கிலத்துக்கு ‘ஹலோ இங்கிலீஷ்’ என்று பயிற்சிகள் நடந்தன. வயநாட்டில் பழங்குடிப் பிள்ளைகளின் பேச்சுமொழி அறிந்த பழங்குடி இளைஞர்களையே ‘கோத்ரபந்து’ திட்டத்தில் வழிகாட்டி ஆசிரியர்களாக நியமித்தார்கள். செலவில் சிறியது இந்தக் கடைசித் திட்டம்; கல்வி நோக்கில் மிக ஆழமானதும் அதுவே. முதல் நாள் வகுப்பில் தன் மொழி பேசும் ஒருவரைக் காணும் பிள்ளைக்குப் பள்ளி அந்நியமாகத் தெரியாது.

சேர்க்கைக் கணக்கை எப்படிப் படிப்பது?

அரசு முன்வைத்த முதன்மைச் சான்று புதிய சேர்க்கை. 2017-18 கல்வியாண்டில் 1.45 லட்சம் பிள்ளைகள், 2020-21 வரையிலான நான்கு ஆண்டுகளில் சுமார் 6.8 லட்சம் பிள்ளைகள் பொதுப்பள்ளிகளுக்குப் புதிதாக வந்தார்கள் என்பது அரசின் கணக்கு. இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதும் பொய் என்று ஒதுக்குவதும் பிழை.

ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்து 100 பேர் வெளியேறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வகுப்பில் 70 பேர் சேர்கிறார்கள். இடைவகுப்புகளில் தனியார் பள்ளிகளிலிருந்து 20 பேர் வருகிறார்கள். பள்ளியின் மொத்தம் 10 குறைந்துவிட்டது. 20 பேர் வந்தார்கள் என்று ஆளுங்கட்சி சொல்லும். 10 பேர் குறைந்தார்கள் என்று எதிர்க்கட்சி சொல்லும். இரண்டுமே உண்மை. பிறப்பு விகிதம் வீழ்ந்துகொண்டிருக்கும் மாநிலத்தில் மொத்த எண்ணிக்கை இயக்கத்தைத் தவறாகத் தண்டிக்கிறது. ஆண்டுதோறும் வந்தவர்களைக் கூட்டிக்கொண்டே போகும் திரண்ட எண்ணிக்கையோ இயக்கத்தை அளவுக்கு மீறிப் புகழ்கிறது. வந்து ஓராண்டில் திரும்பிப் போனவர்கள் அதில் தெரிவதில்லை. சரியான கேள்வி ஒன்றுதான்: ஓராண்டு முதல் வகுப்பில் இருந்த அதே அணி அடுத்த ஆண்டு இரண்டாம் வகுப்பில் பெருகியதா, சுருங்கியதா? இப்படி அணி அணியாகப் பின்தொடர்ந்தால்தான் பெற்றோரின் உண்மையான முடிவு தெரியும்.

வந்ததற்குக் காரணம் இயக்கம்தானா என்பது அடுத்த கேள்வி. இங்கே அசர் என்ற நாடளாவிய ஊரகக் கல்விக் கணக்கெடுப்பு நல்ல ஒப்பீட்டைத் தருகிறது. 6 முதல் 14 வயதுள்ள இந்திய ஊரகப் பிள்ளைகளில் அரசுப் பள்ளியில் படிப்போர் 2018-இல் 65.6 விழுக்காடு, 2022-இல் 72.9; 2024-இல் மீண்டும் 66.8. பெருந்தொற்றுக் காலத்தில் வருமானம் இழந்த குடும்பங்கள் நாடெங்கும் அரசுப் பள்ளியை நாடின. நிலைமை சீரானதும் பல திரும்பின. கேரளத்தில் 2020-க்குப் பிறகு வந்த கூட்டத்தின் ஒரு பகுதி இந்த அலையில் வந்தது. அதற்கு இயக்கம் முழு உரிமை கோர முடியாது.

ஆனால் கேரளத்தின் உயர்வு 2017-இலேயே தொடங்கிவிட்டது. அப்போது பெருந்தொற்று இல்லை. 2018 பெருவெள்ளமும் வரவில்லை. புதிய கட்டடங்களில் பெரும்பாலானவை அஸ்திவாரம்கூடப் போடாத நேரம் அது. ஆகவே, அந்தத் தொடக்கச் சேர்க்கையை ஈர்த்தது கான்கிரீட்டோ கணினியோ அல்ல. இந்தப் பள்ளி மூடப்படாது, அரசு இதைக் கைவிடாது என்ற நம்பிக்கையே. இயக்கத்தின் மிகப் பெரிய சாதனை என்று நான் கருதுவது இதைத்தான். மலாப்பறம்பு முடிவு பெற்றோருக்குச் சொன்ன செய்தி, எந்தத் திரையும் மேசையும் சொல்ல முடியாத ஒன்று.

இன்றைய நிலையில் பிறப்பு வீழ்ச்சி எல்லாவற்றையும் விழுங்குகிறது. 2014-இல் கேரளத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேல் குழந்தைகள் பிறந்தன. 2023-இல் நான்கு லட்சத்துக்கும் குறைவு. 2025-26 கல்வியாண்டில் அரசு, உதவிபெறும் பள்ளிகளின் முதல் வகுப்பில் முந்தைய ஆண்டைவிடப் பதினாறாயிரத்துக்கும் மேல் குறைந்தது. சேர்க்கையையே வெற்றியின் அளவுகோலாக்கிய இயக்கம், இப்போது அதே கோலால் தோற்றதாகத் தெரியும் இக்கட்டில் நிற்கிறது. அளவுகோல் தொடக்கத்திலேயே தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன் விளைவு இது.

என்ன கற்றார்கள்?

2019 செப்டம்பரில் நிதி ஆயோக் வெளியிட்ட பள்ளிக்கல்வித் தரக் குறியீட்டில் பெரிய மாநிலங்களில் கேரளம் 76.6 மதிப்பெண்ணோடு முதலிடம் பெற்றது. இயக்கத்தின் வெற்றிக்குச் சான்றாக இது மேடைதோறும் காட்டப்பட்டது. ஆனால் அந்தக் குறியீட்டின் ஆய்வு ஆண்டு 2016-17. உறுதிமொழி எடுத்தது அந்தக் கல்வியாண்டின் பிற்பகுதியில். பல பத்தாண்டுகளாகக் கேரளம் சேர்த்துவைத்த கல்விச் செல்வத்துக்குக் கிடைத்த மதிப்பெண்ணை ஓர் இயக்கத்தின் கணக்கில் வரவுவைப்பது முறையல்ல.

எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சியும் அப்படித்தான். 2017-இல் 95.98 விழுக்காடாக இருந்தது, 2023-இல் 99.70 ஆயிற்று. கிட்டத்தட்ட எல்லோரும் தேறும் தேர்வு யார் பின்தங்கியிருக்கிறார்கள் என்பதைக் காட்டாது. 2023 இறுதியில் அன்றைய பொதுக்கல்வி இயக்குநர் உள்கூட்டம் ஒன்றில் பேசியது கசிந்து வெளியே வந்தது. சொந்தப் பெயரைப் பிழையின்றி எழுதத் தெரியாதவர்களுக்கும் உயர்ந்த மதிப்பெண் கொடுப்பது பிள்ளைகளை ஏமாற்றுவது என்ற பொருள்பட அவர் பேசியிருந்தார். அது அரசின் கருத்தல்ல என்று அமைச்சர் வி. சிவன்குட்டி விலகிக்கொண்டார். ஆனால் 2024-இல் அரசே ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் குறைந்தது 30 விழுக்காடு என்ற விதியை எட்டாம் வகுப்பிலிருந்து படிப்படியாகக் கொண்டுவர முடிவெடுத்தது. அந்த வரம்பை எட்டாத பிள்ளைகளுக்கு 2025 ஏப்ரலில் விடுமுறை வகுப்புகள் நடந்தன. இயக்கம் தொடங்கி எட்டாண்டு கழித்து, யார் கற்கவில்லை என்ற கேள்வி முதன்முறையாக முறையாகக் கேட்கப்பட்டது. பிந்தி வந்தாலும் அது நேர்மையான கேள்வி.

வெளியிலிருந்து எடுத்த அளவீடு என்ன சொல்கிறது? அசர் கணக்கெடுப்பின்படி, கேரள ஊரக அரசுப் பள்ளிகளின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2016-க்கும் 2018-க்கும் இடையில் சுமார் 63 விழுக்காட்டிலிருந்து 73 விழுக்காடாக உயர்ந்தார்கள். உதவிபெறும் பள்ளிகளை அசர் தனியாரோடு சேர்த்து எண்ணுவதால் இது முழுச் சித்திரம் ஆகாது. ஆனாலும் பத்துப் புள்ளி உயர்வு சிறியதல்ல. அந்தத் தொடக்க ஆண்டுகளில் வாசிப்புக்காக நடந்த வேலைக்கு அதில் பங்கு உண்டு என்று கருத இடமிருக்கிறது.

அடுத்த எண் நெஞ்சை உறுத்துகிறது. எல்லா வகைப் பள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-இல் 52.1 விழுக்காடு, 2022-இல் 38.7. 2022-இல் சோதிக்கப்பட்ட இந்தப் பிள்ளைகள் 2020-இல் முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள். எழுத்து கற்க வேண்டிய வயதில் வகுப்பறையைப் பார்க்காதவர்கள். அந்த ஜூன் முதல் நாளே கைட் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கின. நாடே வியந்த வேகம் அது. ஆனால் தொலைக்காட்சியோ இணையமோ இல்லாத மாணவர்கள் 2.6 லட்சம் பேர் என்று அரசின் கணக்கெடுப்பே சொல்லியிருந்தது. சாதனம் வீடு தேடிப் போன பிறகும், ஆறு வயதுப் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைக்கும் கை திரைக்குள்ளிருந்து நீளவில்லை. மூன்றே முக்கால் லட்சம் கருவிகளால் ஈடுகட்ட முடியாத இழப்பு அது.

கூரையும் தரையும்

2019 நவம்பரில் வயநாடு சுல்தான் பத்தேரியில் ஓர் அரசுப் பள்ளியின் வகுப்பறையில், தரையோடு சேர்ந்த பொந்தில் இருந்த பாம்பு கடித்து ஐந்தாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். உயர்தொழில்நுட்ப வகுப்பறைகள் ஆயிரக்கணக்கில் திறக்கப்பட்ட அதே காலம். அதன் பிறகே மாநிலம் முழுவதும் பள்ளி வளாகங்களைச் சோதிக்க உத்தரவு போனது. 2025 ஜூலையில் கொல்லம் மாவட்டம் தேவலக்கரையில் ஓர் உதவிபெறும் பள்ளியில், கொட்டகைக் கூரையில் விழுந்த செருப்பை எடுக்க ஏறிய எட்டாம் வகுப்பு மாணவன், தாழத் தொங்கிய மின்கம்பி பட்டு இறந்தான்.

இவற்றைத் தனித்தனி விபத்துகள் என்று ஒதுக்க முடியாது. திட்டப் பணம் புதிய கட்டடத்துக்கும் கருவிக்கும் தாராளமாக வந்தது. பழைய தரையைப் பூசவும், செடி வெட்டவும், மின்கம்பியை உயர்த்தவும் வேண்டிய ஆண்டாண்டுப் பராமரிப்புக்கு அப்படி வரவில்லை. திறப்புவிழா நடத்த முடியாத வேலைகள் எப்போதும் வரிசையில் கடைசியாக நிற்கின்றன. 2018-இல் வாங்கிய மடிக்கணினிகளுக்கும் இன்று வயதாகிவிட்டது. கிஃப்பி பணமும் கடன் பணம்தான்; 2019-இல் லண்டன் பங்குச்சந்தை வழியாக ‘மசாலா பத்திரங்கள்’ எனும் ரூபாய்க் கடன் பத்திரங்களில் திரட்டிய 2,150 கோடிக்கு வட்டி 9.7 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. கடனில் எழுப்பிய கட்டடத்தைப் பராமரிக்க வரவில் பணம் ஒதுக்காவிட்டால், பதினைந்து ஆண்டில் இன்னோர் இயக்கம் தேவைப்படும்.

சராசரிக்குள் மறைபவர்கள்

மாநிலச் சராசரி பலரை மறைக்கிறது. பத்தாம் வகுப்பு வரை பொதுப்பள்ளிக்கு வந்த மலப்புறம் பிள்ளைகள், தேறிய பிறகு பிளஸ் ஒன் இடத்துக்காக ஆண்டுதோறும் தவிக்கிறார்கள். தெற்கு மாவட்டங்களில் இடம் காலியாகக் கிடக்க, வடக்கே மலபாரில் தேறியவர்கள் திறந்தவெளிப் பள்ளிக்கோ கட்டணப் பள்ளிக்கோ போகிறார்கள். வகுப்புகளை இடம்மாற்ற ஆராய்ந்த கார்த்திகேயன் நாயர் குழு 2023-இல் அறிக்கை கொடுத்த பின்னும் தவிப்பு தீரவில்லை. பத்தாண்டு பிடித்துவைத்த பிள்ளையைப் பதினோராம் வகுப்பின் வாசலில் கைவிடுவது அந்த இயக்கத்தின் வாக்குறுதியையே உடைக்கிறது.

பாலக்காடு எல்லையிலும் இடுக்கித் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள், காசர்கோட்டில் கன்னட வழியில் படிப்பவர்கள், வயநாட்டிலும் அட்டப்பாடியிலும் வீட்டில் வேறு மொழி பேசும் பழங்குடிப் பிள்ளைகள் ஆகியோரின் கற்றல் நிலையைத் தனியாகப் பிரித்துக் காட்டாத எந்த அறிக்கையும் அரைகுறையே. கோத்ரபந்து போன்ற திட்டம் வாசிப்பை எவ்வளவு உயர்த்தியது என்று அளந்து சொல்லியிருந்தால், ஜார்க்கண்டும் ஒடிசாவும் நீலகிரியும் அதிலிருந்து கற்றிருக்கும்.

தீர்ப்பு

பொதுப்பள்ளி அழியும் என்ற அச்சத்தை மாற்றியதில் இந்த இயக்கம் வென்றது. கட்டடமும் கருவியும் கொடுத்ததில் பெருமளவு வென்றது. கற்றலை உயர்த்தியதில், தொடக்க ஆண்டுகளின் நம்பிக்கையூட்டும் அறிகுறிகளுக்கு மேல் எதையும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. காரணம், கற்றலை ஆண்டுதோறும் நேர்மையாக அளக்கும் ஏற்பாட்டை இயக்கம் தன்னோடு கட்டிக்கொள்ளவில்லை.

அந்த ஏற்பாடு இன்றும் சாத்தியம். ‘சம்பூர்ணா’ என்ற மென்பொருளில் ஒவ்வொரு பிள்ளையின் பள்ளிப் பதிவும் இருக்கிறது. பெயர்களை நீக்கிவிட்டு, எந்த அணி எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்பதை அரசு ஆய்வாளர்களுக்குத் திறந்துகொடுக்க வேண்டும். மூன்றாம், ஐந்தாம் வகுப்புகளில் வாசிப்பையும் கணக்கையும் துறைக்கு வெளியே உள்ளவர்களைக் கொண்டு ஆண்டுதோறும் சோதித்து, பள்ளியைத் தண்டிக்காமல் முடிவை வெளியிட வேண்டும். ஆறாம் வேலைநாள் கணக்கிலிருந்து ஆசிரியரின் வேலையைக் கொஞ்சமாவது விடுவிக்க வேண்டும். பிறப்பு குறையும் காலத்தில் சிறிய வகுப்பை ஆதாயமின்மை என்று பார்க்காமல், பின்தங்கிய பிள்ளைக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும் வாய்ப்பாகப் பார்க்க வேண்டும். பராமரிப்புக்கென்று ஆண்டு ஒதுக்கீடு தனித் தலைப்பில் வர வேண்டும்.

தமிழ்நாட்டிலும் வேறெங்கும் அரசுப் பள்ளிக்காகப் பாடுபடும் பெற்றோரும் ஆசிரியரும் தங்கள் அரசிடம் இவற்றையே கேட்க வேண்டும். இந்த ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற அறிவிப்பு வரும்போது அதோடு நிற்காதீர்கள். சென்ற ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்று ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாசிக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத அரசு, அதைக் கண்டறியும் வரை விடாமல் கேளுங்கள்.